பராமரிப்பு தேவையில்லாத குழி

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஒருவருக்குப் பட்டப்பெயர் விழுந்துவிட்டால் அது அவர் செத்தாலும் சாகாது. வெள்ளெலி என்று ஒருவர் இருந்தார். அவர் போய்ச் சேர்ந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. அவருடைய பேரனை இன்றைக்கும் வெள்ளெலி வீட்டுப் பையன் என்றுதான் கூப்பிடுகிறோம். முதலில் அந்த எலி எங்கிருந்து வந்தது என்பது யாருக்கும் ஞாபகமில்லை.

குழி ரவி மாமாவுக்குத் தன் பட்டப்பெயரில் வருத்தம் எதுவும் கிடையாது. ராகலைக்கு மேலே இருக்கும் எங்கள் தோட்டப் பிரிவில் அவர் வெட்டாத குழி இல்லை. தேயிலைக் கன்று நடும் குழி, கரண்டுக் கம்பத்துக்குக் குழி, கக்கூஸ் குழி, மாசியில் மூன்றாம் பிறை பார்த்ததும் காமன் கூத்துக் கம்பம் ஊன்றும் குழி, கடைசியில் நாமெல்லாம் போய்ப் படுக்கும் குழி. பதினேழு வயதில் தோட்டத்தில் வேலைக்குப் பேர் பதிந்தவருக்கு இப்போது ஐம்பத்தேழு. வலது தோள் இடது தோளைவிட இரண்டு விரற்கடை இறங்கியிருக்கும். மம்பட்டி இறக்கிவிட்ட தோள் அது. போட்டோ எடுக்கிறவர்கள் எல்லோரும் அவரை நேராக நிற்கச் சொல்வார்கள். அவர் நேராகத்தான் நிற்பார்.

கன்று நடும் குழிக்கு ஒன்றரை அடி ஆழம், முக்கால் அடி அகலம். அதற்கென்று ஓர் அளவுக் கம்பு வைத்திருக்கிறார். வெட்டும்போது மண்புழு வந்தால் கம்பு நுனியால் தூக்கி ஈரமண்ணில் விட்டுவிட்டுத்தான் அடுத்த வெட்டு. சவக்குழி வெட்டும் நாளில் மட்டும் யாரோடும் பேசமாட்டார். வேலை முடிந்ததும் மலைப் பீலியில் கொட்டும் தண்ணீரில் மம்பட்டியைக் கழுவிவிட்டு, இஞ்சி தட்டிப் போட்ட, பாலில்லாத சாயத் தண்ணி ஒன்று கேட்டு வாங்கிக் குடிப்பார். வேறு எதைக் கொடுத்தாலும் வாங்கமாட்டார்.

அவரிடம் ஒரே ஒரு குறை. வேடிக்கையாக ஏதாவது சொன்னால் அவருக்குச் சிரிப்பு மறுநாள்தான் வரும். நேற்றுச் சொன்னதை நாம் மறந்துபோய் ரொட்டியைக் கடித்துக்கொண்டிருக்கும்போது, மேல் மலையிலிருந்து தனியாக ஒரு சிரிப்புக் கேட்கும். மீனம்மா அத்தை கொழுந்து எடுத்துக்கொண்டே, “நேத்து வண்டி இப்பதான் வந்திருக்கு” என்பார். மீனம்மா அத்தை அவருடைய மனைவி. மகள் சுதர்ஷினியைக் கொத்மலையில் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். வீட்டில் இவர்கள் இரண்டு பேரும் ஒரு பூனையும்.

நான் சாதாரண தரப் பரீட்சையில் கணக்குக்கு இரண்டு தடவை உட்கார்ந்து, இரண்டு தடவையும் எழுந்து வந்தவள். அதனால் எனக்கு நேரம் நிறைய இருந்தது. அந்த நேரத்தில்தான் ஒருநாள் மாமாவின் அளவுக் கம்பில் இரண்டு அங்குலம் அறுத்து எடுத்தேன். அன்று முழுக்க அவர் ஆழம் குறைந்த குழிகளை வெட்டுவார், கங்காணி வந்து கத்துவார், நான் தேயிலைக்குள் ஒளிந்திருந்து பார்ப்பேன் என்பது திட்டம். கங்காணி வந்து தன் கம்பை விட்டுப் பார்த்தார். எல்லாக் குழியும் சரியாக ஒன்றரை அடி. சாயந்தரம் மாமா எங்கள் வீடு இருக்கும் லயத்து வரிசைப் பக்கம் வந்தார். அறுத்த துண்டைத் தேடி எடுத்துக் கம்போடு சணலால் கட்டியிருந்தார்.

“கம்பு பொய் சொன்னா கை சொல்லுமா, புள்ள?” என்றார். அவ்வளவுதான். மறுநாள் மேல் மலையில் சிரிப்புக் கேட்டது.

இப்படிப்பட்டவரிடம் தோற்றுப்போனதை என்னால் பொறுக்க முடியவில்லை.

தை மாதத்தில் ஒருநாள் போனில் நிலாவின் வரைபடத்தை விரலால் விரித்து விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். நடுவில் மூன்று பெரிய குழிகள் வரிசையாக இருந்தன. நடுக்குழிக்கு அல்போன்சஸ் என்று பெயர். அதற்குள் இன்னும் விரித்தால் கடுகு மாதிரி ஒரு சின்னக் குழி. அதன் பக்கத்தில் இங்கிலீஷில் ரவி என்று எழுதியிருந்தது. நான் மூன்று தடவை எழுத்துக் கூட்டிப் படித்தேன். ரவிதான்.

அடுத்த நாளே ராகலை டவுனுக்குப் போய் போட்டோகாப்பிக் கடையில் ஒரு கடிதம் அடித்தேன்.

‘திரு. ரவி அவர்களுக்கு. கடந்த நாற்பது வருடங்களாகத் தாங்கள் வெட்டியுள்ள குழிகளைக் கருத்திற்கொண்டு, சந்திரனில் அமைந்துள்ள குழி ஒன்றுக்குத் தங்கள் பெயர் சூட்டப்பட்டுள்ளது என்பதை மகிழ்ச்சியுடன் அறியத் தருகிறோம். குழியின் அகலம் இரண்டரைக் கிலோமீட்டர். பராமரிப்பு தேவையில்லை. இப்படிக்கு, அதிகாரி, சந்திரக் குழிகள் பிரிவு.’

உருளைக்கிழங்கு ஒன்றைப் பாதியாக வெட்டி, அதில் பிறை செதுக்கி, நீல மையில் தோய்த்து முத்திரையும் வைத்தேன். எங்கள் லயங்களுக்குத் தனித்தனியாகத் தபால் வராது. எல்லாம் தோட்டத்து ஆபிசுக்கு வந்து, காலையில் வேலைக்கு ஆள் கூடும் பெரட்டுக்களத்தில் பேர் கூப்பிடும்போது கையில் கொடுப்பார்கள். ஆபிசு வாசலில் கிடந்த தபால் கட்டுக்குள் என் கடிதத்தைச் செருகிவிட்டு வந்தேன்.

சாயந்தரம் மாமா கடிதத்தோடு வந்தார். அவருக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வரும். ஆனாலும் என்னைப் படிக்கச் சொன்னார். நான் செய்தி வாசிக்கிற குரலில் வாசித்தேன். சிரிப்பைத் தொண்டையிலேயே தயாராக வைத்திருந்தேன்.

“இன்னொருக்கா படி.”

படித்தேன். போனில் வரைபடத்தையும் விரித்துக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார்.

“அங்க மழை பேயுமா, புள்ள?”

“இல்ல மாமா. மழையும் இல்ல, காத்தும் இல்லையாம்.”

“அப்ப மண்ணு சரியாது.”

“சரியாது.”

“புல்லு மொளைக்காது. மாடு எறங்காது.” போனைத் திருப்பிக் கொடுத்தார். “நான் வெட்டுனதுல ஒண்ணு கூட இப்ப பாக்க ஏலாது, தெரியுமா? கன்னுக் குழிய கன்னு மூடிருது. தண்ணி ஓடக் கானு வெட்டுனா அடுத்த மழைக்கு மண்ணு எறங்கிருது. மத்த குழிய நம்மளே மூடிருறோம். இது மட்டும் அப்படியே இருக்குமா?”

“அப்படியேதான் இருக்கும் மாமா.”

தொண்டையில் வைத்திருந்ததை விழுங்கிவிட்டேன். அப்போதே சொல்லியிருக்கலாம். நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டேன். அவர் கடிதத்தைச் சீனி வந்த பொலித்தீன் பையில் போட்டு, மடித்து, சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார்.

மறுநாள் காலை பெரட்டுக்களத்தில் நூற்றுச் சொச்சம் பேருக்கு முன்னால் அதைச் சொல்லிவிட்டார். சத்தம் போட்டுப் பேசாத மனிதர் அன்றைக்குச் சத்தமாகவே சொன்னார். நாற்பது வருடத்தில் அவர் ஒரு பொய் சொன்னதாக யாருக்கும் நினைவில்லை. அதனால் பாதிப் பேர் நம்பினார்கள். மீதிப் பாதிக்குத் தலைவர் அழகுமுத்துத் தலைவர். அவர் எங்கள் தோட்டத்துச் சங்கத் தலைவர், மீனம்மா அத்தையின் அண்ணன், ஆகவே மாமாவைக் கிண்டல் செய்யப் பிறந்தவர்.

“மச்சான், நெலாவுல எந்த நம்பர் மலை?” என்றார், தேயிலை மலைக்கெல்லாம் நம்பர் போடுகிற எங்கள் தோட்டத்து வழக்கப்படி.

“மாசிப் பௌர்ணமிப் போயாவுக்குக் காட்டுறேன். எல்லாரும் வாங்க.”

“காட்டலைன்னா?”

“காட்டலைன்னா என்னை என்ன பேரு சொல்லியும் கூப்பிடுங்க.”

எங்கள் தோட்டத்தில் யாரும் அப்படிச் சொல்லவே கூடாது.

பள்ளிக்கூடத்துக்கு யாரோ புண்ணியவான்கள் ஒரு தொலைநோக்கி கொடுத்திருந்தார்கள். விஞ்ஞானத்துக்கு ஆள் இல்லாததால் அது தமிழ் படிப்பிக்கிற தெரேசா டீச்சரின் அலுமாரியில் இருந்தது. மாமா அவரிடம் போய்க் கேட்டார். டீச்சர் லிந்துலைக்காரர், நல்ல மனசு. போயா என்றால் எல்லோருக்கும் லீவு, அன்றைக்கு நிலாவும் முழுசாக இருக்கும், அதைவிட நல்ல நாள் வேறு ஏது என்று அவரும் நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன். இந்த நாட்டில் எதையாவது சாவகாசமாகப் பார்ப்பது என்றால் போயாவுக்குத்தான் பார்ப்போம்.

மாசிப் போயா அன்று சாயந்தரம் மழை இல்லை, மூடுபனி இல்லை. மேற்கே சூரியன் இறங்கவும் எதிரே சவுக்கு மரங்களுக்குப் பின்னாலிருந்து நிலா ஏறியது. பெரட்டுக்களத்தில் கோயில் திருவிழா மாதிரிக் கூட்டம். மாமா இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். டீச்சர் திருகிச் சரிபண்ணியதும் முதலில் அவரைத்தான் பார்க்கச் சொன்னார்கள்.

ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். கண்ணை மாற்றிப் பார்த்தார். நகர்ந்துகொண்டார். அழகுமுத்துத் தலைவர் குனிந்தார்.

“என்னா மச்சான் இது, வெளக்கி வச்ச தட்டு மாதிரி இருக்கு? கண்ணு கூசுது. குழி எங்க?”

ஆள் மாற்றி ஆள் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். வெள்ளை. அங்கங்கே சாம்பல் திட்டு. வரைபடத்தில் அத்தனை குழி பார்த்திருக்கிறேன், இதில் ஒன்றுகூட இல்லை. டீச்சர் திருகாணியை இன்னும் திருகினார். வெள்ளை இன்னும் வெள்ளையானது.

“அந்தக் காகிதத்த குடு பாப்போம்” என்றார் தலைவர். மாமா பொலித்தீனோடு கொடுத்தார். தலைவர் போன் வெளிச்சத்தில் அதை ஓடவிட்டுப் பார்த்தார். பிறகு ஒரு கேள்வி கேட்டார்.

“மச்சான், ஒனக்கு வந்த ஆபிஸ் காகிதத்துல எதாவது ஒண்ணு தமிழ்ல வந்திருக்கா?”

மாமா யோசித்தார்.

தலைவரே பதிலும் சொன்னார். “பேர் பதிஞ்ச காகிதம் இங்கிலீசு. எச்சரிக்கைக் காகிதம் சிங்களம். பாராட்டு மட்டும் தமிழ்ல, அதுவும் ‘திரு’ போட்டு வருதா? எவனோ ஒன்னைய நல்லா வச்சு செஞ்சிருக்கான்.”

கூட்டம் சிரித்தது. பின்னாலிருந்து ஒரு குரல், “பொய்க்குழி ரவி” என்றது. இன்னொரு குரல் அதைத் திருப்பிச் சொன்னது. பட்டப்பெயர் ஒட்டுவதற்கு மூன்றாவது குரல் போதும். மீனம்மா அத்தை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாமா காகிதத்தை வாங்கினார். முத்திரையைப் பெருவிரலால் தடவினார். பிறகு கூட்டத்தில் என்னை மட்டும் ஒருதடவை பார்த்தார். உருளைக்கிழங்குப் பாத்தி வெட்டியவருக்கு உருளைக்கிழங்கு தெரியாதா? நான் பூமிக்குள் போக ஒரு குழி இருந்தால் போதும் என்று நின்றேன். அவர் என் பேரைச் சொல்லவில்லை.

அவர் திரும்பி மேற்கே பார்த்தார். சூரியன் இறங்கிய இடம் இன்னும் சிவந்திருந்தது. பிறகு கிழக்கே நிலாவைப் பார்த்தார்.

“டீச்சர், அதுக்கு வெளிச்சம் சூரியன்லேருந்துதானே வருது?”

“ஆமாங்க.”

“சூரியன் இந்தப் பக்கம். நெலா நேர் எதிருக்க. அப்ப வெளிச்சம் நேரா மூஞ்சியில அடிக்குது.” இறங்கிய தோளோடு கையை நீட்டிக் காட்டினார். “இப்ப அங்க உச்சி வெயில். உச்சி வெயில்ல அஞ்சாம் நம்பர் மலைக்கு வந்து கானு எங்கன்னு கேட்டீங்கன்னா, நானே விழுந்துதான் கண்டுபிடிக்கணும். காலைச் சாய்வெயில்ல வாங்க, கோழி கெளறுன குழி கூடத் தெரியும். நெழல் விழுந்தாத்தான் குழி. காகிதம் பொய்யா இருக்கட்டும். குழி பொய்யில்ல.”

யாரும் மூன்றாவது குரல் கொடுக்கவில்லை.

“அப்ப என்னைக்குப் பாக்குறது?” என்றார் தலைவர்.

பதில் மீனம்மா அத்தையிடமிருந்து வந்தது. “அடுத்த கெழமை. தேய்ஞ்சு பாதியாகி, காலையில பெரட்டுக்கு வாற நேரத்துல ஒசக்க நிக்கும். மாசா மாசம் நான் பாத்துக்கிட்டுத்தானே வாறேன். நீங்கதான் குனிஞ்சே நடக்குறீங்க.”

“ஏழு நாள், மச்சான்” என்றார் தலைவர். “அதுவரைக்கும் ஒன் பேர நான் பத்திரமா வச்சிருக்கேன்.”

மறுநாள் நான் மேல் மலைக்குப் போனேன். மாமா குழி வெட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அளவுக் கம்பை நீட்டினார். சணல் கட்டு அப்படியே இருந்தது. அவர் வெட்ட வெட்ட நான் கம்பை விட்டு அளந்தேன். ஒன்பதாவது குழியில் சொன்னேன்.

“மாமா, அந்தக் காகிதம் நான்தான்.”

“கெழங்கு முத்திரை” என்றார், மம்பட்டியை நிறுத்தாமல்.

“எல்லாருக்கும் முன்னால சொல்லிருறேன்.”

“சொல்லலாம். மொதல்ல குழியக் காட்டுவோம். இல்லாட்டி ஒனக்கும் ஒரு பேரு, எனக்கும் ஒரு பேரு.” மண்புழு ஒன்றை எடுத்து ஓரத்தில் விட்டார். “பராமரிப்பு தேவையில்லன்னு போட்டியே, அது யாரு சொல்லிக் குடுத்தா?”

“யாரும் இல்ல. நானாத்தான்.”

“ம்” என்றார். கோபமா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அன்று சாயந்தரம் இரண்டு பேரும் தெரேசா டீச்சர் வீட்டுக்குப் போனோம். டீச்சர் போனில் தேடி ஒரு பட்டியலை எடுத்தார். நிலாவில் இருக்கிற பெரிய குழிகளுக்கு அறிஞர்களின் பெயர் வைப்பார்களாம். ரொம்பச் சின்னக் குழிகள் சிலவற்றுக்குச் சும்மா ஊரில் வழங்குகிற பெயர் ஒன்றை வைத்துவிடுவார்களாம். யார் என்று கிடையாது.

“இந்தா இருக்கு, ரவி” என்று டீச்சர் காட்டினார். “இந்தியாவில ஆம்பளைங்களுக்கு வைக்கிற பேருன்னு மட்டும் போட்டிருக்கு. எந்த ரவின்னு இல்ல.”

மாமா யோசித்தார். “எங்க பாட்டனும் அங்கயிருந்து வந்தவருதான். எந்த ரவின்னு போடலைன்னா, நான் இல்லைன்னும் போடலதானே, டீச்சர்?”

டீச்சர் சிரித்துவிட்டார். “போடலைங்க.”

அந்த ஏழு நாளும் நான் கம்பு பிடித்தேன். ஏழு நாளும் மேல் மலையில் சிரிப்புக் கேட்கவில்லை. எனக்கு அதுதான் பெரிய தண்டனையாக இருந்தது.

எட்டாம் நாள் காலையில் பனியோடு பனியாக எல்லோரும் வந்துவிட்டார்கள். பேர் கூப்பிட அரை மணி இருந்தது. நிலா தெற்குப் பக்கமாக உயரத்தில், சரிபாதியாக அறுத்து வைத்த மாதிரி நின்றது. டீச்சர் திருகிச் சரிபண்ணினார். மாமா குனிந்தார். இந்தத் தடவை கண்ணை மாற்றவில்லை. குனிந்தவர் நிமிரவே இல்லை.

“மாமா, தெரியுதா?” என்றேன்.

“அறுத்த ஓரம், வெட்டு வாயி பூரா குழி” என்றார் மெதுவாக. “டீச்சர், இது வெட்டுன குழி இல்ல. வெட்டுனா மண்ண ஒரு பக்கமாத்தான் போடுவோம். இது சுத்தி வரத் தூக்கி எறிஞ்சு வரப்பு கட்டியிருக்கு. மேலேருந்து என்னமோ வேகமா விழுந்திருக்கு.”

டீச்சர் போனில் படித்துப் பார்த்தார். “ஆமாங்க. கல்லு விழுந்து உண்டான குழிங்கன்னுதான் போட்டிருக்கு.”

தலைவர் பொறுமையில்லாமல் மாமாவின் தோளைத் தட்டி நகர்த்திவிட்டுக் குனிந்தார். “ஆத்தாடி” என்றார். கண்ணை எடுக்காமலே எண்ணினார். “மூணு பெரிய குழி, ஒண்ணுக்குக் கீழ ஒண்ணு. உள்ள எல்லாம் இருட்டு நிக்குது. இதுல ஒன்னோடது எது, மச்சான்?”

“நடுவுல உள்ளதுக்கு உள்ள. சின்னது.”

“தெரியலையே.”

“தெரியாது. அதுக்கு இந்தக் கண்ணாடி பத்தாது.”

தலைவர் நிமிர்ந்தார். முகத்தில் பழைய களை வந்துவிட்டது. “அப்ப இன்னமும் காட்டல.”

மாமா அவசரப்படவில்லை. “போன வருசம் ஒன் வீட்டுக்குப் பின்னால கக்கூஸ் குழி வெட்டுனது யாரு?”

“நீதான்.”

“எத்தனை அடி?”

“பத்து அடி.”

“மேல கொங்கிரீட்டு மூடி போட்டாச்சு. இப்ப கண்ணுக்குத் தெரியுதா?”

“தெரியல.”

“குழி இல்லன்னு வீட்டுல சொல்லிப் பாரு.”

முதலில் சிரித்தது தலைவரின் மனைவி. அதற்குப் பிறகு பெரட்டுக்களம் முழுக்கச் சிரித்தது. தலைவர் சிரிக்காமல் இருக்கப் பார்த்தார், முடியவில்லை. மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு, “சரி மச்சான், ஒன் பேர நீயே வச்சுக்க. குழி ரவி குழி ரவிதான்” என்றார்.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் நான் சொல்லிவிட்டேன். காகிதம், கடை, கிழங்கு எல்லாவற்றையும். என் குரல் செய்தி வாசிக்கிற மாதிரி இல்லை. கூட்டம் என்னைப் பார்த்தது. பின்னாலிருந்து ஒரு குரல், “காகிதத் தனுஜா” என்றது. இரண்டாவது குரல் வந்தது. மூன்றாவது குரல் கொடுத்தது மீனம்மா அத்தை. நியாயம்தான். என் பேரப்பிள்ளைகளையும் காகிதம் வீட்டுப் பிள்ளைகள் என்றுதான் கூப்பிடப்போகிறார்கள்.

அதற்குள் கணக்கப்பிள்ளை வந்து பேர் கூப்பிட ஆரம்பித்துவிட்டார். வெளிச்சம் ஏற ஏற நிலா வெளுத்துக்கொண்டே போனது. “ரவி” என்று கூப்பிட்டார். மாமா நிமிர்ந்து மேலே பார்த்தபடி, “இருக்கேன்” என்றார்.

மறுநாள் காலை எட்டு மணி இருக்கும். நான் லயத்து வாசலில் ரொட்டியைக் கடித்துக்கொண்டிருந்தேன். மேல் மலையிலிருந்து தனியாக ஒரு சிரிப்புக் கேட்டது. கொஞ்சம் நின்று, மறுபடியும் கேட்டது. கொழுந்து மலையிலிருந்து மீனம்மா அத்தையின் குரல் வந்தது.

“ஏங்க, எதுக்குச் சிரிக்கிறீங்க? நேத்துக் கக்கூசுக்கா?”

“இல்ல” என்று மேலிருந்து பதில் வந்தது. “பராமரிப்பு தேவையில்லையாம்.”